முதல் மழைத் தண்ணீர்

ஆற்றில் நாலு இடத்துக்குப் போய்த் தண்ணீர் பிடித்து வாருங்கள் என்று அனுப்பினால், என் ஆராய்ச்சி மாணவர்கள் ஒரே பாலத்தடியில் நின்று நாலு பாட்டிலையும் நிரப்பி, பாட்டிலுக்கொரு இடத்தின் பெயரை ஒட்டிக்கொண்டு வருகிறார்கள். வருஷா வருஷம் இதே கூத்து. நானும் தொண்டை வறளக் கத்துகிறேன். ஆனால் முழு மனதோடு கத்த முடிவதில்லை. இந்தத் தில்லுமுல்லை அவர்களுக்கு முன்பே செய்தவள் நான்.

அப்போது எனக்கு எட்டு வயது. தாராவியில் ஒற்றை அறை வீடு. அம்மாவின் தங்கை, என் சித்தி, எங்களோடு தங்கி மித்தி ஆற்றைப் பற்றி முனைவர் பட்டத்துக்கு ஆராய்ச்சி செய்துகொண்டிருந்தாள். ஜூன் மாத முதல் மழை ஆற்றுக்குள் எதையெல்லாம் அடித்து வருகிறது என்பது அவள் கேள்வி. இந்த மழையோடு முடிக்காவிட்டால் கல்யாணம் என்று அப்பா கண்டிப்பாகச் சொல்லியிருந்தார். மழை வந்தது. சித்தி தொப்பலாக நனைந்து, மலையடிவாரம் தொடங்கி நாலு இடத்தில் பிடித்த தண்ணீரை எங்கள் ஃபிரிட்ஜில் வைத்தாள்.

"மாவுச் சட்டிக்குப் பக்கத்துல சாக்கடையக் கொண்டு வச்சிருக்கியே, நீயெல்லாம் படிச்சவளா?" என்றாள் அம்மா.

"ஒரு நாள்தானக்கா."

மறுநாள் காலை, பாட்டில்களை ஆய்வகத்துக்குக் கொண்டுபோகச் சித்தி ஐஸ் வாங்கப் போன நேரம் குழாயில் தண்ணீர் வந்தது. தண்ணீர் வந்துவிட்டால் எங்கள் சந்தில் ஒரு சொம்புகூடக் காலியாக இருக்கக் கூடாது. "ஏளா, பாட்டில் கீட்டில் கெடந்தா எடுத்தா, தண்ணி நிக்கப் போவுது!" என்று அம்மா வெளியிலிருந்து கத்தினாள். நான் அந்த நாலு பாட்டிலையும் கொட்டிக் கழுவிக் கொடுத்தேன். எல்லாம் நிரம்பிய பிறகுதான் ஒட்டியிருந்த சீட்டை அம்மா பார்த்தாள்.

"சரி, சாக்கடைக்கா பஞ்சம்? நாலாவுல மோந்துட்டு ஓடியா. எல்லாம் அதே தண்ணிதான."

நாலா என்று நாங்கள் சொல்லும் சந்து முனைச் சாக்கடையில் நாலு பாட்டிலையும் நிரப்பி வந்தேன். சித்திக்கு ஒரு பார்வை போதுமாக இருந்தது. மலையடிவாரத்துச் செம்மண் தண்ணீரும் கறுத்திருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

"சாக்கடத் தண்ணிக்கு எவளாவது அழுவாளா?" என்று அம்மா எரிந்து விழுந்தாள். எனக்குத்தான் சித்தியைப் பார்க்கப் பாவமாக இருந்தது. "நாளைக்கும் மழ பெய்யும்லா சித்தி," என்றேன்.

பெய்தது. செப்டம்பர் வரை விடாமல் பெய்தது. அடுத்த முதல் மழைக்குள் சித்தியைத் திருநெல்வேலியில் கட்டிக்கொடுத்துவிட்டார்கள். கல்யாணத்தில் எனக்குப் பச்சைப் பட்டுப் பாவாடை கிடைத்தது. அதைக் காட்டுவதற்குச் சித்தியிடம் ஓடினேன். அவள் என்னைக் கட்டிக்கொண்டு ஏன் வெகுநேரம் விடவே இல்லை என்று எனக்கு அப்போது புரியவில்லை.