கூடையில் இறங்கிய தன்னம்பிக்கை

புதுப் பெயின்ட் வாடை எங்கே அடித்தாலும் எனக்கு எங்கள் நூலகம்தான் நினைவுக்கு வரும்.

அஸ்தினாபுரத்தில் நானும் அக்காவும் அடுத்தடுத்த தெரு. அங்கிருந்த பழைய நூலகம் ஒரு வாடகை ஷெட். வெளியே மழை பெய்தால் உள்ளேயும் பெய்யும். ஆனால் ஒரு படிகூடக் கிடையாது. கட்ட யாருக்கும் தோன்றவில்லை போலிருக்கிறது. அக்கா ரோட்டிலிருந்து வீல்சேரை நேரே அலமாரிகளுக்கு நடுவே உருட்டிக்கொண்டு போவாள். புத்தக முதுகுகளை விரலால் தடவியபடி நகர்வாள். ஒன்றை உருவி, நடுவில் பிரித்து அரைப்பக்கம் படித்து, உதட்டைப் பிதுக்கி மறுபடி செருகுவாள். சாயங்காலம் முழுக்க அதுதான். கடைசியில் அவள் மடிக்கு வந்து சேர்வது ஏதாவது ஒரு கொலைக் கதையாக இருக்கும்.

பிறகு வசதிகள் வந்தன. புதுக் கட்டடம். வாசலில் பளபளக்கும் எவர்சில்வர் கைப்பிடியோடு சாய்தளம். அக்கா அதில் ராணி மாதிரி ஏறினாள். ஏறிய இடத்தில் பூட்டிய கூடம். திறப்பு விழா நடந்த கூடம், இனி வரப்போகும் விழாக்களுக்காகக் காத்திருந்தது. புத்தகங்கள் மாடியில். லிஃப்டுக்கு விட்டிருந்த இடத்தில் துடைப்பம் சாய்ந்திருந்தது. அக்கா அண்ணாந்து மூச்சை இழுத்தாள். பெயின்ட் வாடை மட்டும்தான் கீழே வந்தது.

நூலகர் நல்ல மனிதர், சிக்கலே அதுதான். தூக்கிக்கொண்டு போகவா என்றார். அக்கா பார்த்த பார்வையில் பேச்சை மாற்றினார். மறுவாரம், ஃபிளாட்காரர்கள் காய்கறி வாங்கக் கயிற்றில் விடுவதுபோல, மாடி ஜன்னலிலிருந்து ஒரு பிளாஸ்டிக் கூடை இறங்கியது. புத்தகத்தின் பெயரைச் சொன்னால் போதுமாம்.

"பேர் தெரிஞ்சா நான் ஏன் சார் லைப்ரரிக்கு வரேன்?" என்றாள் அக்கா.

அவர் சிரித்துவிட்டு, தானே தேர்ந்தெடுத்து அனுப்பினார். முதலில் தன்னம்பிக்கை. பிறகு காலை இழந்தும் மலையேறிய ஒருவரின் வரலாறு. அப்புறம் மனதை வெல்லும் வழிகள். ஒரு கொலைகாரன்கூட அந்தக் கூடையில் இறங்கவில்லை. இன்னொரு தன்னம்பிக்கை வந்தால் கொலையைத் தானே செய்ய வேண்டியிருக்கும் என்று என்னிடம் முணுமுணுத்தாள்.

ஒரு சனிக்கிழமை கூடை இறங்கியதும், எதையும் எடுக்காமல் அப்படியே மேலே அனுப்பச் சொன்னாள். பதறிப்போய் நூலகர் இறங்கி வந்தார். அக்கா கேட்டது ஒன்றுதான்: கீழ்க் கூடத்தில் ஓர் அலமாரி, பார்த்துத் தானே எடுத்துக்கொள்ள. அவர் பூட்டையும் அவளையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாவி என்கிட்டதான் இருக்கு, மேடம். ஆனா விழான்னாதான் திறக்கச் சொல்லியிருக்காங்க."

அக்கா வீல்சேரைச் சாய்தளத்தின் பக்கம் திருப்பினாள்.

"அப்போ ஒரு அலமாரிக்குத் திறப்பு விழா வைங்க, சார். ரிப்பன் வெட்ட நானே வரேன்."