ஊசித் தட்டில் ஊறிய ரப்பர்

காலை பத்து இருபதுக்கு எங்கள் நிட்டிங் ஃபிட்டர் டீ கிளாஸோடு அலுவலக அறை வாசலில் வந்து நின்றார். அதுவரை அது நல்ல நாளாகத்தான் இருந்தது.

"என்னக்கா, பாப்பா லாரில கெளம்பிட்டாளா?"

"அப்பவே போயாச்சு."

"பிரேக்கு நல்லா இருக்கும். அந்த ரப்பர் கப்பெல்லாம் வறவறன்னு கெடந்துச்சு. நாந்தான் நம்ம ஊசித் தட்டுல ராத்திரி முழுக்க ஊறப்போட்டு, தொடைச்சுக் குடுத்தேன். வழுக்கிட்டு உள்ள போயிருக்கும்லா."

பாராட்டை எதிர்பார்த்துச் சொன்னார். நான் பில் போட்டுக்கொண்டிருந்தேன். விரல் அந்த எழுத்திலேயே நின்றுவிட்டது.

திருப்பூரில் எங்களுடையது சிறிய பின்னலாடைத் துணி யூனிட். மெஷினைப் பிரித்தால் ஊசிகளைக் கழுவி, நீடில் ஆயில் ஊற்றிய தட்டில் போட்டு வைப்பார்கள். மறுபடி மாட்டும்வரை அதிலேயே கிடக்கும். தென் மாவட்டத்திலிருந்து வந்த எங்கள் ஃபிட்டர் காய்ந்த எதையும் மெஷினுக்குள் வைத்து நான் பார்த்ததில்லை. அது அவருக்கு வெறும் பழக்கமல்ல, கிட்டத்தட்ட ஒழுக்கம்.

யூனிட்டுக்குப் பின்னால் உள்ள ஷெட் என் மகளுடையது. பழைய லாரிகளைப் புதுப்பிக்கிறவர்கள் கடையில் கிடைக்காத பாகங்களைத் தேடி அவளிடம் வருவார்கள். கல்லாக இறுகிப்போன, கண்ணாடியைச் சுற்றியுள்ள ரப்பர் பீடிங், வெடித்துப்போன பெடல் ரப்பர், டேஷ்போர்டின் பிளாஸ்டிக் குமிழ் என்று எதைக் கொடுத்தாலும் அளவெடுத்து, அச்சு செய்து, ஹீட் பிரஸ்ஸில் வேகவைத்துத் தருவாள். பாலிமர் படித்துவிட்டு, கிடைத்த வேலையை விட்டு வந்தவள். என் கணவர் அவளை "லாரி டாக்டர்" என்று கிண்டல் செய்வார். நான் சிரிக்க மாட்டேன். எனக்கு அவள் கல்யாணக் கவலை ஒரு பக்கம், அந்த பிரஸ்ஸில் கை மாட்டிக்கொள்ளுமோ என்ற கவலை மறுபக்கம்.

பிரேக் சிலிண்டருக்குள் போகும் கப் வடிவ ரப்பர்களை மட்டும் அவள் தனியாக ஒரு டப்பாவில் வைத்திருந்தாள். பிரேக்குக்கு ஊற்றும் திரவத்தைத் தாங்குகிற ரப்பருக்கு மெஷின் எண்ணெய் ஆகாது. ஒருமுறை ஒரே அளவுள்ள இரண்டு கப்புகளை எடுத்து, ஒன்றை அந்தத் திரவத்திலும் இன்னொன்றை நீடில் ஆயிலிலும் போட்டுவைத்து எனக்குக் காட்டினாள். திரவத்தில் கிடந்தது அப்படியே இருந்தது. எண்ணெயில் கிடந்தது ஊறிய கொண்டைக்கடலை மாதிரி உப்பியிருந்தது. "இது வண்டிக்குள்ள இருந்தா என்ன ஆகும்?" என்று கேட்டேன். "உள்ள இருக்கக்கூடாதும்மா" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

அன்று காலை அவள் ஏறிப் போனது முன்பக்கம் நீண்ட பழைய மூக்கு லாரி. தாராபுரம் பக்கத்து வயதான விவசாயி ஒருவருடையது. அவளுடைய ரப்பர் கப்புகளை முந்தின வாரம் அவருடைய மெக்கானிக் வந்து வாங்கிப்போனார். அதற்கு முந்தின நாளே அவள் கோயம்புத்தூர் போய்விட்டாள். டப்பாவை எடுத்துக் கொடுத்தது எங்கள் ஃபிட்டர். மாட்டியபின் மெக்கானிக் போனில், "கொஞ்சம் டைட்டுங்க" என்றாராம். புது ரப்பர் அப்படித்தான் இருக்கும் என்று எல்லோரும் நினைத்தோம். அன்று காலை பெரியவரே வண்டியைக் கொண்டுவந்து காட்டிவிட்டு, ஊருக்குத் திரும்பும்போது, ஓட்டத்தில் பிரேக் எப்படி என்று பார்க்க அவளையும் பக்கத்தில் உட்காரவைத்துக் கூட்டிப்போனார்.

அவளுக்கு போன் செய்தேன். பின்னால் ஷெட்டிலிருந்து மணி அடித்தது. பிரஸ் பக்கத்தில் சார்ஜில் கிடந்தது. பெரியவர் வீட்டுக்கு அடித்தால் அவர் மகன், "அப்பா வண்டி எடுத்தா போனை ஊட்லயே வெச்சுட்டுப் போயிருவாருங்க" என்றார்.

கணவர் காரை எடுத்துக்கொண்டு பொங்கலூர் வழியாகப் போனார். அகலமான ரோடு என்பதால் அந்த வழியில்தான் போவோம் என்று முந்தின நாள் மகள் சொல்லியிருந்தாள். நான் ஷெட்டுக்கும் வாசலுக்கும் நடந்தேன். மெஷின் சத்தத்தில் போன் மணி கேட்காமல் போய்விடுமோ என்று, "எல்லாத்தையும் நிறுத்துங்க" என்றேன்.

"துணில கோடு விழுமேக்கா" என்றார் ஃபிட்டர்.

"விழட்டும். எண்ணெயில ஊறுன ரப்பர்தான் அந்தப் பிரேக்குக்குள்ள இருக்கு."

ஒவ்வொன்றாக நின்றன. அந்த அமைதியில்தான் நான் என்ன சொல்கிறேன் என்று அவருக்கு முழுதாக உறைத்திருக்க வேண்டும். "நல்லதுக்குத்தான்க்கா செஞ்சேன்" என்று நூல் பெட்டி மேல் உட்கார்ந்துவிட்டார். அவரைத் திட்டவும் வாய் வரவில்லை, தேற்றவும் மனம் வரவில்லை. எனக்குத் தெரிந்த ஒவ்வொரு இறக்கத்திலும் அந்த லாரி ஓடிக்கொண்டிருந்தது. ஸ்கூல் வேனுக்குப் பின்னால், கரும்பு வண்டிக்குப் பின்னால், நிற்காமல்.

கணவர் கூப்பிட்டார். "பொங்கலூர் தாண்டிட்டேன். காணோம். கடைல கேட்டேன், அப்படி ஒரு வண்டியே போகலையாம்."

"அப்படின்னா?"

"வேற ரோட்டுல போயிருப்பாங்க. அழுவாத. நான் சுத்தி வர்றேன்."

நான் அழவில்லை. அழுதிருந்தால் தேவலை. இப்போதும் ராத்திரியில் வாசலில் ஏதாவது வண்டி பிரேக் போடும் சத்தம் கேட்டால் எழுந்து கேட் வரை போய்ப் பார்த்துவிட்டுத்தான் படுக்கிறேன். டாக்டர் மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். மகளுக்குச் சொல்லவில்லை.

மதியச் சாப்பாட்டு நேரம் தாண்டி, தேங்காய் ஏற்றிய ஒரு குட்டியானை வண்டி வந்து நின்றது. பெரியவர் இறங்கினார். அவர் மட்டும்தான். கையில் என் மகளின் துப்பட்டா, முடிச்சுப் போட்டு, கருப்புக் கறையோடு. கேட்டின் கம்பியைப் பிடித்துக்கொண்டேன்.

"பாப்பாவுக்கு ஒண்ணுமில்லீங் அம்மிணி" என்றார், என் முகத்தைப் பார்த்த உடனே. "மொதல்ல அதைக் கேட்டுக்கங்க."

அவருக்குப் பின்னால் ரோட்டைப் பார்த்தேன். அவரே தொடர்ந்தார்.

"ஓட்டிப் பாக்கறதுக்குக் கூட்டமில்லாத வேற ரோட்டுல போனமுங்க. போகப்போகப் பிரேக்கு புடிச்ச புடிய வுடலீங்க. சக்கரத்துல பொகை. வண்டி தானா நின்னுபோச்சு. சமதரையா இருந்துச்சு, சாமி புண்ணியம். பாப்பா அங்கயே கழட்டிப் பாத்துருச்சுங்க." முடிச்சை அவிழ்த்தார். உப்பிப்போன ரப்பர் கப்புகள். ஃபிட்டர் எழுந்து வந்து எட்டிப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"போன் பண்ணியிருக்கலாமேங்க" என்றேன். அதுதான் வாயில் வந்தது.

"கடைக்காரர் போன் குடுத்தாருங். பாப்பாவுக்கு உங்க நம்பர் மனப்பாடம் இல்லையாமா. எனக்கு எங்கூட்டு நம்பரே தெரியாது."

"அவ ஏன் வரலை?"

"வாம்மா போலாம்னு கூப்புட்டனுங்க. வண்டிய நடுவழியில வுட்டுட்டு வரமாட்டேன்னு டயர்கிட்ட குக்கி உக்காந்துக்கிட்டு இருக்குது. நான் செஞ்ச ரப்பரு, நானே மாத்தறேன்னுது. புதுசா ஒரு செட்டு வேணுமாமுங்க. எண்ணெக் கை பட்ட எதுவும் வேண்டாமாம். கைய சோப்புப் போட்டுக் கழுவிட்டு நீங்களே எடுத்து, நீங்களே கொண்டாரோணும்னு சொல்லிச்சுங்க. வேற ஆருகிட்டயும் குடுத்துவுட வேண்டாமாம்."