இடக்கைக்காரியின் பேஸ் கிற்றார்

பிரசாந்தி பல் கட்டுகிறவள். பல் வைத்தியர்கள் அனுப்பும் வாய் அச்சுகளைப் பார்த்துப் பொய்ப்பல் செய்து கொடுக்கும் ஒரு சிறிய கூடம் யாழ்ப்பாண நகரில் இருக்கிறது. படித்து முடித்த நாளிலிருந்து அங்கேதான் வேலை. தன் ஊரான உரும்பிராயில் ஒரு கல்யாணப் பந்தியில் யாராவது வாய்விட்டுச் சிரித்தால், அது தன் கைவேலையா என்று பார்க்கத்தான் அவள் கண் முதலில் போகும்.

அவள் இடக்கைக்காரி. பள்ளிக்கூடத்தில் வலக்கையால் எழுதப் பழக்கினார்கள். வீட்டில் வலக்கையால் சாப்பிடப் பழக்கினார்கள். அந்த இரண்டையும் அவள் விட்டுக்கொடுத்தாள். கத்தி, ஊசி, அரம், துளைக்கிற மெஷின் என்று மற்ற எல்லாம் இடக்கைக்கே இருந்துவிட்டன. அதற்குமேல் அவளிடமிருந்து ஒருவராலும் எதையும் பிடுங்க முடியவில்லை.

பேஸ் கிற்றார் அவளுக்கு அறிமுகமானது லவீனாவின் கல்யாணத்தில். லவீனா அதே கூடத்தில் தொலைபேசிக்கும் கணக்குக்கும் இருப்பவள், குருநகர்ப் பெட்டை. பங்கு மண்டபத்தில் வரவேற்பு. பிந்திப் போனதால் பிரசாந்திக்கு ஆளுயர ஒலிபெருக்கிப் பெட்டி ஒன்றின் முன்னால்தான் கதிரை கிடைத்தது. பாட்டுக் காதுக்குள் போனது. அதற்கு அடியில் வேறொன்று நெஞ்செலும்பைத் தட்டிக்கொண்டு நடந்தது. கொஞ்ச நேரம் அதை மேளமென்றே நினைத்திருந்தாள். பிறகுதான் மேடை ஓரத்தில் நின்ற மனிதரைக் கண்டாள். நான்கு தடித்த தந்திகளை இரண்டு விரல்களால் அவர் ஆறுதலாக நடத்திக்கொண்டிருந்தார். அவர் விரலை எடுத்தால் பாட்டே காற்றில் தொங்கியது.

இடைவேளையில் நேராக அவரிடம் போனாள்.

"அண்ணை, உதை ஒருக்காத் தாங்கோ."

அவர் றொகான், லவீனாவின் பெரியம்மாவின் மகன். சிரித்துக்கொண்டே கழற்றிக் கொடுத்தார். அவள் வாங்கி மாட்டியதும் கிற்றார் தலைகீழாய்த் தொங்கியது.

"பிழையாப் பிடிக்கிறியள் தங்கச்சி. கழுத்து இடக்கைப் பக்கம் வரவேணும்."

"எனக்கு இப்பிடித்தான் வருது."

"இடக்கைக்காரருக்கெண்டு தனியாச் செய்வினம்தான். இஞ்சை அப்பிடி ஒண்டை நான் கண்டதில்லை. வலக்கையாலை பழகுங்கோ, கொஞ்ச நாளிலை வந்திடும்."

"நான் பல்லுக் கட்டுறதும் இடக்கையாலைதான் அண்ணை. இன்னும் ஒருத்தற்ரை வாயும் கோணேல்லை."

றொகான் விழுந்து விழுந்து சிரித்தார். "அப்ப கிற்றாரைத்தான் மாத்தவேணும்" என்றார். அவர் பகிடிக்குச் சொன்னதை அவள் யோசனையாக எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் போனாள்.

முதல் கிற்றார் பண்டத்தரிப்பில் ஒரு வீட்டில் கிடைத்தது. முகநூலில் விற்பனைக்குப் போட்டிருந்தார்கள். கணவன் கோகுலன் பள்ளிக்கூடப் பிள்ளைகளை ஏற்றி இறக்கும் வான் ஓட்டுபவன். சனிக்கிழமை வான் சும்மா நின்றது, இருவரும் அதிலேயே போனார்கள். பெயர், நிறம் எதையும் பிரசாந்தி பார்க்கவில்லை. கவிழ்த்துப் பிடித்தாலும் மடியில் குந்துகிற வடிவமா என்று பார்த்தாள். பிறகு பல் வரிசையைப் பார்ப்பதுபோல ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தின் நீளத்துக்குப் பார்த்தாள்.

"வில்லு மாதிரி வளைஞ்சு கிடக்கப்பா" என்றான் கோகுலன்.

"நிமித்தலாம்."

எப்படி நிமிர்த்துவதென்று அவளுக்கு அப்போது ஒரு துளியும் தெரியாது. கழுத்துக்குள்ளே ஓர் இரும்புக்கம்பி ஓடுகிறதென்றும், அதைச் சாவி போட்டு முறுக்கினால் கழுத்து நிமிருமென்றும் அன்றிரவு யூடியூப் சொன்னது. முறுக்கினாள். நிமிர்ந்தது. அவளுக்கு ஆச்சரியமே வரவில்லை.

அடுத்த வேலைதான் பெரியது. தலைகீழாய்ப் பிடித்தால் தடித்த தந்தி கீழே போய்விடும், மெல்லிய தந்தி மேலே வந்துவிடும். ஆகவே தந்திகளை இடம் மாற்ற வேண்டும். ஆனால் கழுத்தின் உச்சியில் தந்திகள் உட்கார்ந்து போகிற சின்னக் கட்டை இருக்கிறதே, அதில் ஒவ்வொரு தந்தியின் தடிப்புக்கும் ஒவ்வொரு காடி வெட்டியிருக்கும். தடித்த தந்தி மெல்லிய காடிக்குள் இறங்கவில்லை. மெல்லியது அகன்ற காடிக்குள் கிடந்து சலசலத்தது. புதுக்கட்டை வேண்டுமென்றால் கொழும்புக்குச் சொல்லி விடவேண்டும். பிரசாந்தி சொல்லி விடவில்லை. பொய்ப்பல்லுக்குத் தளமாக வார்க்கிற அக்கிரிலிக்கில் ஒரு கட்டையை வார்த்து, பல்லிடுக்கு அராவும் ஊசி அரத்தால் காடிகளை வெட்டினாள். அந்த அக்கிரிலிக்குக்கு ஒரே நிறம்தான் உண்டு, முரசின், அதாவது பல்லீறின், இளஞ்சிவப்பு.

கொண்டுபோய்க் காட்டியபோது றொகானுக்குக் கண்ணால் தண்ணீர் வந்துவிட்டது. "கிற்றாருக்கும் பல்லுக் கட்டிப்போட்டியள்!" என்று சிரித்தார். பிறகு தந்திகளை மீட்டிப் பார்த்தார். திரும்பவும் மீட்டினார். சுருதி அசையவில்லை. அதன்பிறகு சிரிக்கவில்லை.

வாசிக்க அவள் தானாகவே பழகினாள். யூடியூப் படங்களில் சொல்லித் தருகிறவர்கள் எல்லாம் வலக்கைக்காரர். அவர்கள் முன்னால் இருந்து வாசிப்பது அவளுக்குக் கண்ணாடியில் தன்னையே பார்ப்பதுபோல இருந்தது. இடம் வலம் மாற்றி யோசிக்கிற தலையிடி அவளுக்கு இல்லை. வேலையால் வந்து, முகம் கழுவி, தேத்தண்ணி குடித்துவிட்டு வாசித்தால் இரவுச் சாப்பாடுவரை வாசிப்பாள். விரல் நுனி கொப்பளித்துக் காய்த்துப்போனது. ஒரு வருடத்துக்குள் றொகானின் குழுவில் அவளுக்கு இடம் கிடைத்தது. றொகானுக்கு உள்ளூர முன்னுக்கு நின்று லீட் கிற்றார் வாசிக்கத்தான் ஆசை. வேறு ஆளில்லாத குறைக்குத்தான் இவ்வளவு காலமும் பேஸைக் கட்டிக்கொண்டு நின்றார். லவீனா பாடினாள். மாதா கோயில் பெருநாள், கல்யாணம், பள்ளிக்கூட விழா என்று அழைப்புகள் வந்தன.

கிற்றார்களும் வந்தன. தகப்பன் அருளம்பலம் விதை வெங்காயப் பிடிகளைக் கட்டித் தொங்கவிடும் அறையில், வெங்காயத்துக்குக் கீழே ஒன்றன்பின் ஒன்றாய்ச் சாத்தி வைத்தாள். ஒன்று கொழும்பு பஸ்ஸில் படுக்கை விரிப்புக்குள் சுற்றி வந்தது. ஒன்றுக்கு இரைச்சல் வியாதி. உட்குழி முழுக்கச் செப்புத்தாள் ஒட்டி அதை அடக்கினாள். ஒன்றில் தந்தியின் அதிர்வைப் பிடிக்கிற காந்தச்சுருளைக் கழற்றி இன்னொன்றில் போட்டு, சத்தம் பிடிக்காமல் திரும்பவும் மாற்றினாள். "ஒண்டைத்தானே ஒரு நேரத்திலை வாசிக்கலாம்?" என்று அருளம்பலம் கேட்பார். "உங்களுக்கு எத்தினை மண்வெட்டி அப்பா?" என்று கேட்பாள். அவர் வெங்காயத்தைப் பார்ப்பார்.

எல்லாவற்றிலும் ஒரு கரைச்சல் மட்டும் மிச்சம் இருந்தது. கவிழ்த்த கிற்றாரில், கீழே இருக்கவேண்டிய, சத்தத்தைக் கூட்டிக் குறைக்கிற குமிழ் மேலே வந்துவிடும். தந்தியை மீட்டுகிற கை சரியாக அதன்மேல்தான் கிடக்கும். ஒரு பெருநாள் மேடையில் பாட்டு உச்சத்தில் நின்றபோது முன்கை பட்டுக் குமிழ் திரும்பி, பேஸ் செத்துப்போனது. லவீனா திரும்பிப் பார்த்தாள். பிரசாந்தி கையை மறுபக்கம் உருட்டினாள். சத்தம் மெல்ல எழுந்து வந்தது. அலை ஒன்று கரைக்கு வருவதுபோல அடியிலிருந்து ஏறி வந்த அந்தச் சத்தம் எல்லோருக்கும் பிடித்துவிட்டது.

"வேணுமெண்டோ செய்தனீங்கள்?" என்று றொகான் பிறகு கேட்டார்.

"இல்லை. ஆனா இனி வேணுமெண்டு செய்வன்."

குமிழைக் கழற்றிப் பெரிதாக ஒன்று போட்டாள். பிடிப்புக்குச் சைக்கிள் டியூப் றப்பரைச் சுற்றினாள். விரல் மீட்டிக்கொண்டிருக்க, முன்கை அதைத் தனியாக உருட்டப் பழகியது.

இப்படி இருக்கையில்தான் கனடாவிலிருந்து மச்சான் கஜானன் நல்லூர்த் திருவிழாக் காலத்தில் விடுமுறைக்கு வந்தான். தாய்மாமன் மகன். ஒரு நீளப்பெட்டியைத் தோளில் கொழுவிக்கொண்டு வாசலில் நின்றான். "மச்சாள், உமக்கெண்டு தேடிப் பிடிச்சனான்" என்றான்.

உள்ளே அசல் இடக்கைப் பேஸ் கிற்றார் கிடந்தது. நீல நிறம். அவளுக்கென்றே செய்ததுபோல எல்லாம் இருக்கவேண்டிய இடத்தில் இருந்தன. பிரசாந்தி அதை மடியில் வைத்துக் கழுத்தைத் தடவிப் பார்த்தாள். தன் பக்கத்துக்கென்று ஒருவன் எங்கோ ஒரு தொழிற்சாலையில் மரத்தை வெட்டியிருக்கிறான் என்பதே அவளுக்குப் பெரிதாக இருந்தது. அன்று வீடு நிறையச் சனம். கஜானன் தானே செய்ததுபோல எல்லோருக்கும் காட்டித் திரிந்தான்.

இரண்டு கிழமை அதையே வாசித்தாள். சுகமாக இருந்தது, ஒரு குறையும் சொல்ல இல்லை. குருநகரில் பெருநாள் இசைநிகழ்ச்சிக்கு ஒத்திகை நடந்தபோது றொகான் வாசிப்பை நிறுத்தினார்.

"எல்லாம் சரி தங்கச்சி. உங்கடை சத்தம்தான் வரேல்லை."

அவளுக்கு அது முன்னமே தெரியும். மெல்லப் போகிற பாட்டுகளில் முன்கை அதுபாட்டுக்கு உருண்டது, உருண்ட இடத்தில் ஒன்றுமில்லை. குமிழ் அங்கே கீழே, முறைப்படி, எட்டாத இடத்தில் இருந்தது.

அடுத்த நாள் அவள் நீலக் கிற்றாரின் தந்திகளைக் கழற்றி மேசையில் மல்லாத்தியபோது கோகுலன் வாசலில் வந்து நின்றான்.

"இஞ்சரப்பா, அதிலையுமோ?"

"ஓம்."

"கஜானன் இன்னும் ஊரிலைதான் நிக்கிறான். கேட்டா என்ன சொல்லுவாய்?"

"கேட்டா வாசிச்சுக் காட்டுவன். அந்த லைற்றைக் கொஞ்சம் கிட்டப் பிடியுங்கோ."

கோகுலன் பிடித்தான். மேற்பக்கத்துப் பிளாஸ்டிக் தகட்டைக் கழற்றினாள். அதன் கீழே மரத்தைச் சின்னச் சின்னத் துருவல் ஊசிகளால் கொஞ்சம் கொஞ்சமாகக் குடைந்து, வயர் போக ஒரு வழி எடுத்தாள். பொய்ப்பல்லை அராவுவதை விட மரம் இலகுவாக விட்டுக்கொடுத்தது. புது மரத்தூள் நீலப் பூச்சின்மேல் விழுந்தபோது கோகுலன்தான் முகத்தைச் சுளித்தான். அவள் அதை ஊதித் தள்ளினாள். தகட்டில் துளை போட்டு, குமிழை மேலே நட்டு, ஈயம் உருக்கி ஒட்டி, மூடினாள்.

பெருநாளன்று கோயில் வளவு நிறைந்திருந்தது. கடற்காற்றுக்கு மேடைத் திரை படபடத்தது. கஜானன் முன்வரிசையில் கைபேசியை நீட்டிப் பிடித்துக்கொண்டு இருந்தான். முதல் பாட்டு முடியுமுன்பே அவன் கண்ணில் அது பட்டுவிட்டது. கைபேசி இறங்கியது. இடைவேளையில் மேடைக்குப் பின்னால் வந்தான்.

"மச்சாள், அதென்ன உதிலை?"

"சத்தக் குமிழ். மேலை மாத்தினனான்."

"ஓட்டை போட்டனீரோ? புதுச் சாமான்! நான் பிளேனிலை பிள்ளை மாதிரிக் காவிக்கொண்டு வந்தனான். இடக்கைக்கெண்டே செய்தது, அதிலை என்ன பிழை கண்டனீர்?"

"ஒரு பிழையுமில்லை. அது ஏதோ ஒரு இடக்கைக்காரிக்குச் செய்தது. இப்பதான் எனக்குச் செய்திருக்கு."

அவன் முகம் சிவந்திருந்தது. லவீனா குறுக்கே வரப் பார்த்தாள். பிரசாந்தி கையசைத்து மறித்தாள்.

"கோவம் வாறது சரி. நான் கேக்காமல் செய்தது. ஆனா அடுத்த பாட்டை இருந்து கேட்டிட்டுப் பேசும்."

அது லவீனா மெல்லத் தொடங்குகிற ஒரு மாதா பாட்டு. முதல் வரிக்குப் பேஸ் இல்லை. இரண்டாவது வரியில் பிரசாந்தி தந்தியைச் சத்தமில்லாமல் மீட்டிவிட்டு முன்கையை உருட்டினாள். சத்தம் நிலத்துக்கு அடியிலிருந்து எழும்பி வந்து லவீனாவின் குரலுக்குக் கீழே நின்றது. வளவில் கதைத்துக்கொண்டு நின்றவர்கள் கதையை விட்டார்கள். ஒவ்வொரு வரியிலும் அது ஏறி இறங்கியது. மேடையை அவள் பார்க்கவில்லை, சனத்தையும் பார்க்கவில்லை. நீல மரம் வயிற்றில் அதிர்ந்துகொண்டிருந்தது. இதுதான், இப்படித்தான் என்று உடம்பு முழுக்கத் தெரிந்தது.

முடிந்ததும் கஜானன் பின்னால் வந்தான். கோபம் முற்றாகப் போயிருக்கவில்லை.

"நல்லாத்தான் இருக்கு" என்றான். பிறகு, "சொல்லிப்போட்டுச் செய்திருக்கலாம்."

"சொன்னா விட்டிருப்பீரோ?"

"இல்லை."

"அதுதான்."

அவனுக்கே சிரிப்பு வந்துவிட்டது. குமிழைத் தொட்டுத் திருப்பிப் பார்த்தான். புறப்படுகிற அன்று, அடுத்தமுறை என்ன கொண்டுவர என்று கேட்டான். "சாமான் வேண்டாம், நல்ல துளை ஊசி கொண்டு வாரும்" என்றாள்.

அந்தக் குமிழ் றொகானுக்கும் ஆசை காட்டிவிட்டது. தன் கிற்றாருக்கும் அப்படிச் செய்துதரக் கேட்டார். செய்து கொடுத்தாள். மாதம் முடியுமுன் திருப்பிக் கொண்டுவந்தார், கை போகிற இடமெல்லாம் குமிழ் நிற்கிறது என்றார். அவள் பழைய இடத்துக்கே மாற்றிக் கொடுத்தாள்.

போன கிழமை வட்டுக்கோட்டையில் ஐந்து தந்தியுள்ள பேஸ் ஒன்று விலைக்கு வந்திருப்பதாக கோகுலன்தான் கைபேசியில் கண்டு காட்டினான். சனிக்கிழமை காலை வானை எடுத்தார்கள். கேற்றைத் திறந்த ஐயா கோகுலனை மேலும் கீழும் பார்த்தார்.

"தம்பியோ வாசிக்கிறது?"

"நான் வான் ஓட்டுறன் ஐயா. வாசிக்கிறது இவ."

ஐயா திரும்பினார். பிரசாந்தி அதற்குள் உறையைத் திறந்து, கிற்றாரைக் கவிழ்த்துத் தூக்கி, ஒரு கண்ணை மூடிக்கொண்டு கழுத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.