சித்தியைக் கப்பலில் வைத்துப் பெண் பார்த்த கதை

எங்கள் வீட்டார் கப்பல் ஏறியது கடலைப் பார்க்க ஆசைப்பட்டு அல்ல, கல்யாணம் முடக்கிகளுக்குப் பயந்து. கடல் வேண்டுமென்றால் கோட்டுகால் வழியாக ஒரு பஸ் பிடித்தால் போதும்.

கல்யாணம் முடக்கி என்றால் யார் என்று பாறசாலைக்கும் நெய்யாற்றின்கரைக்கும் நடுவில் பெண்ணைப் பெற்ற எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். மாப்பிள்ளை வீட்டார் பெண் பார்க்க வருவதற்கு முன்னால், யாருக்கும் சொல்லாமல் ஒரு நாள் ஊருக்குள் வந்து விசாரிப்பார்கள். விசாரணை பெரும்பாலும் முக்கில் இருக்கும் சாயாக்கடையில்தான் நடக்கும். அந்த நேரத்தில் பெஞ்சில் உட்கார்ந்து சாயா குடித்துக்கொண்டிருப்பவர் எவரோ, அவருடைய வாயில் இருக்கிறது பெண்ணின் எதிர்காலம். அப்பா இந்த விஷயத்தில் பெரிய ஆராய்ச்சியே செய்து வைத்திருந்தார்.

"முடக்குறவன் ஒரு குத்தமும் சொல்லமாட்டான், கேட்டியா? நல்லதாட்டுத்தான் பேசுவான். தங்கமான பிள்ளையாக்கும்னு சொல்லுவான். பொறவு சின்னதா ஒரு மூச்சு விடுவான். அந்த மூச்சுக்குப் பொறவு வாறதுதான் வெஷம்."

சித்திக்கு வந்த கல்யாண ஆலோசனைகள் எல்லாம் அப்படித்தான் முக்கு வரை வந்து திரும்பிப் போயின. சித்தி அம்மாவின் ஒரே தங்கை. எங்களோடுதான் இருந்தாள். காரக்கோணம் போகும் வழியில் ஒரு ஆஸ்பத்திரியில் நர்ஸாக வேலை பார்த்தாள். முப்பது தாண்டிவிட்டது. அம்மா ஒவ்வொரு வாரமும் சபையில் பெண்கள் கூடும் ஜெபத்தில், தங்கையின் கல்யாணத்துக்காகக் கண்ணீர் விட்டு மன்றாடுவாள். பக்கத்தில் இருப்பவர்களும் சேர்ந்து அழும்படியாக இருக்கும் அந்த ஜெபம்.

அப்பா தொழில் செய்துகொண்டிருந்தார். கோழிப்பண்ணை, ஃபிளெக்ஸ் அடிக்கும் கடை, பிறகு ஏத்தங்காய் சிப்ஸ். எல்லாம் பாஸ்டரின் ஜெபத்தோடு திறந்து, ஜெபம் இல்லாமல் மூடின. ஆகவே அரிசியும் கேஸ் சிலிண்டரும் என் பள்ளிக்கூட வேனும் சித்தியின் சம்பளத்தில் நடந்தன. எனக்கு அது ஒரு விஷயமாகவே தெரியவில்லை. ஒன்பது வயதில், எல்லா வீட்டிலும் ஒரு சித்தி இருப்பாள் என்றும் அவளுடைய கைப்பைக்குள்ளிருந்துதான் வீடு நடக்கும் என்றும் நினைத்திருந்தேன்.

அந்த வயதில் எனக்கு ஒரு கோளாறு இருந்தது. தூக்கத்தில் திடீரென்று எழுந்து உட்கார்ந்து கத்துவேன். டாக்டர் மாத்திரை கொடுத்தார், பாஸ்டர் தலையில் கைவைத்து ஜெபித்தார். இரண்டுக்கும் கேட்கவில்லை. சித்தி என் பக்கத்தில் படுத்து, விளக்கைப் போட்டு, முதுகைத் தடவிக்கொண்டிருந்தால் மட்டும் அடங்கும். "வெளிய ஒருத்தருட்டயும் சொல்லப்பிடாது" என்று அம்மா என்னை எச்சரித்து வைத்திருந்தாள். நாளைக்குப் பெண்பிள்ளைக்குக் கேடு என்பாள். பள்ளிக்கூடத்தில் தெரிந்தால் என்ன ஆகும் என்று நானும் பயந்துகொண்டே இருந்தேன்.

அப்போதுதான் பம்பாய் ஆலோசனை வந்தது. மார்த்தாண்டம் பக்கத்து ஆட்கள், பம்பாயில் குடியேறியவர்கள். அம்மாவும் மகனும் மட்டும். விடுமுறைக்குக் கொச்சி வந்து, லட்சத்தீவு வரை போய்த் திரும்பும் பெரிய உல்லாசக் கப்பலில் ஏறப்போகிறார்கள், திரும்பி வந்ததும் ஊருக்கு வந்து பெண் பார்க்கலாம் என்று சொல்லி அனுப்பியிருந்தார்கள். அதைக் கேட்டதும் அப்பாவின் முகம் பிரகாசமானது.

"ஊருக்கு வந்தாத்தானே சாயாக்கடையில கேப்பாவ? நாம அந்தக் கப்பல்லயே போயி ஏறிருவோம். நடுக்கடல்ல எந்த முடக்கி வாறான்னு நானும் பாக்கேன்."

எல்லோருக்கும் டிக்கெட் எடுத்தது சித்தி. தனக்கென்று ஒரு தங்க மாலை வாங்கச் சேர்த்து வைத்திருந்த பணம் அதோடு தீர்ந்தது. சித்தி கொஞ்சமும் யோசிக்கவில்லை என்பதுதான் எனக்கு இன்று நினைத்தாலும் நெஞ்சை அறுக்கிறது.

ஊரில் ஊட்டிக்கு டூர் போவதாகச் சொன்னோம். சாயாக்கடைக்காரர் நம்ப வேண்டுமே என்று, நல்ல வெயில் காலத்தில் எனக்குச் சுவெட்டர் மாட்டி, அவர் கடை முன்னாலேயே வாடகைக் காரை நிறுத்தி, அப்பா வேண்டுமென்றே ஒரு சாயா குடித்தார். "ஊட்டியில நல்ல தணுப்பு உண்டு, பிள்ளையை சூக்ஷிக்கணும்" என்றார் அந்த மனிதர். காசு வாங்காமல் எனக்கு ஒரு பன்னும் கொடுத்தார். அமரவிளை தாண்டும் வரை அப்பா சிரித்துக்கொண்டே வந்தார்.

கப்பல் எங்கள் சபைக்கோயிலை நாலைந்து தடவை ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கியது போல நின்றது. உள்ளே நீச்சல்குளம், சினிமா, எந்த நேரமும் சாப்பாடு. வெளிச் சாப்பாடு கொண்டுவரக் கூடாது என்று எழுதிப் போட்டிருந்தும், பெண் பார்க்க வருகிறவர்களுக்குப் பலகாரம் வைக்காமல் எப்படி என்று அம்மா என் சுவெட்டருக்குள் முந்திரிக்கொத்தைச் சுருட்டிக் கடத்தி வந்திருந்தாள்.

ஏறிய அன்றே அப்பா மாப்பிள்ளை வீட்டாரைத் தேடிப் பிடித்து, அங்கேயே பெண் பார்க்கச் சம்மதிக்க வைத்தார். அடுத்த சிக்கல் சாயா. பெண் பார்ப்பது என்றால் பெண் தட்டில் சாயா கொண்டுவந்து கொடுக்க வேண்டும், தலை குனிந்து நிற்க வேண்டும். கப்பலில் சாயா ஒரு இயந்திரத்திலிருந்து வந்தது. அவரவர் போய்ப் பிடித்துக்கொள்ள வேண்டும். அப்பா எங்கிருந்தோ ஒரு தட்டைத் தூக்கி வந்தார். பட்டுச்சேலை கட்டிய சித்தி காகிதக் கோப்பைகளைத் தட்டில் வைத்துக்கொண்டு, அரை நிக்கர் போட்ட வெளிநாட்டுக்காரர்களுக்கு நடுவே குனிந்த தலையோடு நடந்து வந்தாள். அதைக் கண்டு பதறிப்போன கப்பல் பரிசாரகன் ஒருவன் ஓடிவந்து தட்டை வாங்கப் பார்த்தான். சித்தி விடவில்லை. அவனும் விடவில்லை. அப்பா எழுந்து போய் "எலே, விடுடே! அவதான் கொண்டுவரணும்!" என்று பச்சைத் தமிழில் அதட்டிய பிறகுதான் அவன் விலகினான்.

மாப்பிள்ளை வாய்விட்டுச் சிரித்துவிட்டார். சித்தியும் சிரித்தாள். முன்தலை லேசாக வழுக்கை விழுந்த, மெல்லப் பேசுகிற மனிதர். பால்பொடி சாயாவையும் ரசித்துக் குடித்துவிட்டு "கொள்ளாம்" என்றார். மாப்பிள்ளையின் அம்மா முந்திரிக்கொத்தை இரண்டாவது தடவையும் எடுத்துக்கொண்டார்கள். அப்பா என்னைப் பார்த்துக் கண்ணடித்தார்.

மறுநாள் இருவரையும் பேச விட்டார்கள். காவலுக்கு நான். மேல்தளத்துக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அவர்கள் நெடுநேரம் நடந்தார்கள். பம்பாயில் ஆஸ்பத்திரி வேலை கிடைக்கும், ஆனால் மழைக்காலத்தில் ரயில் நின்றுவிட்டால் தண்ணீரில் நடந்து வீடு சேர வேண்டியிருக்கும், பயமில்லையா என்று அவர் கேட்டார்.

"டூட்டி முடிஞ்சு பஸ் கிட்டாம, இருட்டில ஒற்றைக்கு நடந்து வீட்டுக்கு வந்தவளாக்கும் நான்" என்றாள் சித்தி. "பயம்னு ஒரு சாதனம் எனக்குக் கிடையாது."

சொல்லும்போது அவள் முகம் எப்படி இருந்தது என்று எனக்கு இப்போதும் தெரியும். எங்கள் வீட்டில் அவளை அப்படி ஒரு முகத்தோடு நான் பார்த்ததே இல்லை. அவளுக்கு அந்த மனிதரைப் பிடித்துவிட்டது. குழந்தைக்கே தெரிந்தது என்றால் அம்மாவுக்குத் தெரியாமலா இருந்திருக்கும்?

அன்று சாயங்காலம் நீச்சல்குளத்து ஓரத்தில் சாய்வு நாற்காலிகளில் அம்மாவும் மாப்பிள்ளையின் அம்மாவும் பேசிக்கொண்டிருந்தார்கள். நான் நாற்காலிகளுக்குப் பின்னால் தரையில் உட்கார்ந்து, எனக்கு ஐஸ்கிரீம் வாங்கப் போன சித்திக்காகக் காத்திருந்தேன்.

"எனக்கத் தங்கச்சியைப் போல தங்கமான பிள்ளை கெடையாதுக்கா" என்றாள் அம்மா. "வீட்டு வேலை, ஆஸ்பத்திரி வேலை எல்லாம் அவதான். பெத்த மவளைப்போலயாக்கும் நான் வளத்தினது. ஒரு குறை சொல்ல முடியாது." அம்மா சின்னதாக ஒரு மூச்சு விட்டாள். "ராத்திரி ஒற்றைக்குப் படுத்தா மட்டும் பயந்து எழும்பிக் கத்துவா. அதும் இப்பம் முன்ன மாதிரி ஒண்ணும் இல்ல, கேட்டியளா? மாத்திரை எல்லாம் நிறுத்தியாச்சு. பாஸ்டர் ஜெபிச்சதில நல்ல மாற்றம் உண்டு."

மாப்பிள்ளையின் அம்மா கையில் இருந்த கோப்பையைக் கீழே வைத்தார்கள்.

அம்மா என் கோளாறைச் சொல்லத் தொடங்கிவிட்டாள் என்று முதலில் பயந்தேன். பிறகுதான் அவள் அதைச் சித்தியின் பேரில் சொல்கிறாள் என்று புரிந்தது. எனக்கு வந்த சந்தோஷத்தை எப்படிச் சொல்வது! நாளைக்கு எனக்குக் கேடு வந்துவிடக் கூடாது என்று, அம்மா எவ்வளவு சாமர்த்தியமாக என்னைக் காப்பாற்றிவிட்டாள்! ஓடிப்போய் அவள் கழுத்தைக் கட்டிக்கொள்ள வேண்டும் போல இருந்தது.

திரும்பிப் பார்த்தால் எனக்குப் பின்னால் சித்தி நின்றாள். இரண்டு கையிலும் ஐஸ்கிரீம். உருகி, விரல் வழியாக வழிந்து, சேலையில் சொட்டிக்கொண்டிருந்தது. சேலையில் ஒரு துளி பட்டால் பதறுகிறவள் அவள். அன்று துடைக்கக்கூட இல்லை. இரண்டையும் என் கையில் கொடுத்துவிட்டுப் போய்விட்டாள். இரண்டையுமே நான் தின்றேன்.

அன்று சாப்பாட்டு நேரத்தில் மாப்பிள்ளை வீட்டார் வேறு மேசைக்குப் போய்விட்டார்கள். அவர் எங்களை நோக்கி எழுந்து வந்தபோது, அவருடைய அம்மா கூப்பிட்டு உட்கார வைத்தார்கள்.

ஊர் திரும்பிக் கொஞ்ச நாளில் போன் வந்தது. கர்த்தருக்குச் சித்தமில்லை என்றார்கள். அம்மா தரையில் உட்கார்ந்து, எந்தப் பாவி இதைச் செய்தானோ என்று ஓங்கி அழுதாள். அப்பா துப்பறிந்தார். சாயாக்கடைக்காரரின் மச்சினன் ஒருவன் கொச்சியில் வேலை பார்க்கிறான் என்று எப்படியோ கண்டுபிடித்துவிட்டார். "கப்பல் வரைக்கும் ஆளு வச்சிருக்கான் பாரு" என்று கடை முன்னால் போய் நின்று வாய்க்கு வந்தபடி பேசினார். அந்த மனிதர் கையில் சாயா டம்ளரோடு, "எந்தக் கப்பல், அண்ணே?" என்று மட்டும் கேட்டார். அதன்பிறகு எங்கள் வீட்டில் யாரும் அவரோடு பேசவில்லை. எனக்குப் பன் கொடுத்த மனிதரை நான் பள்ளிக்கூட வேனிலிருந்து முறைத்துக்கொண்டே போவேன்.

சித்திக்கு அதற்குப் பிறகு ஆலோசனை எதுவும் தகையவில்லை. அவள் சம்பளத்தில் நான் படித்தேன். போன வருஷம் எனக்கு ஒரு ஆலோசனை வந்தது. மாப்பிள்ளை வீட்டார் கார் வாசலில் வந்து நின்றபோது, அம்மா சேலையைச் சரிசெய்துகொண்டு அவர்களை வரவேற்க எழுந்தாள். சித்தி அவளைக் கையால் தடுத்தாள்.

"அவியட்ட நான் பேசுகேன். நீ உள்ள இரி."

குரல் உயரவில்லை. அம்மா முகம் வெளுத்து உள்ளே போய்விட்டாள். அந்தக் கணத்தில்தான் எனக்கு நாற்காலியும் மூச்சும் ஐஸ்கிரீமும் எல்லாம் விளங்கின. இத்தனை வருஷமும் சித்திக்குத் தெரிந்திருக்கிறது. அவளுக்குத் தெரியும் என்பது அம்மாவுக்கும் தெரிந்திருக்கிறது. இருவரும் ஒரே அடுக்களையில் நின்று சமைத்திருக்கிறார்கள். எந்தச் சாயாக்கடையிலும் எந்த முடக்கியும் இருந்ததில்லை, எங்களுடைய முடக்கிக்குக் கப்பல் டிக்கெட் எடுத்ததே சித்திதான். என் அம்மாவை நான் இன்னும் மன்னிக்கவில்லை. அவள் முடக்கிய கல்யாணத்தில்தான் நான் வளர்ந்தேன் என்பதால், மன்னிக்காமல் இருக்க எனக்கு என்ன அருகதை என்றும் தெரியவில்லை.

கப்பல் கொச்சிக்குத் திரும்பிய காலையில் நானும் சித்தியும் அதே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றோம். கரையில் சீனவலைகள் தெரியத் தொடங்கியிருந்தன. முந்தின சாயங்காலம் கேட்டது என் மனதில் குறுகுறுத்துக்கொண்டே இருந்தது. அம்மா சொன்னது ஒருவேளை நிஜமாகவே இருந்தால்?

"சித்தி, ராத்திரி பயம் சித்திக்கும் உண்டா?"

சித்தி என்னைப் பார்த்தாள். அவள் இல்லை என்று சொல்லியிருந்தால் நான் நேரே போய் அம்மாவிடம்தான் கேட்டிருப்பேன், ஏன் பொய் சொன்னாய் என்று. அது அவளுக்குத் தெரிந்திருக்க வேண்டும். என் தலைமுடியை ஒதுக்கிவிட்டாள்.

"உண்டு மக்கா" என்றாள். "எனக்கும் உண்டு."

எனக்கு அப்பாடா என்று இருந்தது. அந்த வீட்டில் பயந்து கத்துகிறவள் நான் ஒருத்தி மட்டுமில்லை, இனிமேல் சித்தி என்னை விட்டு எங்கேயும் போகமாட்டாள் என்று எண்ணி, அவள் கையைப் பிடித்துக்கொண்டு துள்ளித் துள்ளிக் கப்பலை விட்டு இறங்கினேன்.