பால் ஜாடியின் அடிப்பக்கம்

திருத்தணி மலையடிவாரத்தில் வேண்டுதலுக்கு வெள்ளி வேல், கண்மலர் செய்து விற்கிறவன் நான். கேட்காத வேலையையும் இழுத்துப் போட்டுக்கொண்டு செய்வது என் பிறவிக் குணம். அந்தக் குணத்தில் இடி விழ.

இரண்டு வருஷத்துக்கு முன்பு பொதட்டூர்பேட்டையிலிருந்து தறிக்காரர் வீட்டு அம்மா ஒருவர், ஒரு கால் கழன்ற வெள்ளி ஜாடியைக் கொண்டுவந்தார். சாண் உயரம்கூட இல்லை. நெளிநெளியான விளிம்பு, சுருண்ட கைப்பிடி, சிப்பி வடிவத்தில் மூன்று கால். டீக்குப் பால் ஊற்ற இங்கிலாந்தில் இருநூற்றைம்பது வருஷத்துக்கு முன்பு செய்ததாம். அவருடைய வம்சத்து முன்னோர் ஒருவர் நெய்த துணியை மெச்சி ஒரு வெள்ளைக்கார வியாபாரி கொடுத்தது, அம்மா வீட்டுச் சீரோடு வந்தது என்றார். அவர் கொழுந்தனோ, உங்க வீட்டு ஆள் துரை வீட்டில் திருடினது என்று கல்யாணமான நாளிலிருந்து குத்திக்காட்டுகிறாராம். பழைய வெள்ளி தெரிந்த ஒருவர் ஞாயிற்றுக்கிழமை சென்னையிலிருந்து வருகிறார், அவர் சொன்னால் அந்த வாய் அடங்கும் என்று நம்பியிருந்தார்.

காலைப் பற்றவைத்துவிட்டு ஜாடியைக் கவிழ்த்தேன். அடியில் சிங்கம், பூனை மூஞ்சி, ஓர் எழுத்து என்று பொடிப்பொடி முத்திரைகள். பக்கத்தில் கீறினாற்போல ஒரு வரி இங்கிலீஷ், ஏதோ எண். என் இங்கிலீஷ் பஸ் போர்டோடு சரி. எங்கள் பக்கம் அடகுக் கடைக்காரர்கள் பாத்திரத்தின் அடியில் இப்படித்தான் கீறி வைப்பார்கள். ஐயோ பாவம், அடகில் கிடந்த சாமான் என்று வருகிறவருக்குத் தெரிந்தால் மானம் போய்விடுமே என்று முத்திரை, எழுத்து எல்லாம் போக அடிப்பக்கம் முழுக்க அரம் போட்டு, தேய்த்து, கண்ணாடி மாதிரி ஆக்கிவிட்டேன். ஒரு போன் போட்டுக் கேட்டிருக்கலாம், பாவி. அந்தம்மா பளபளப்பில் பூரித்துப்போய், கவிழ்த்துப் பார்க்காமலே துணியில் சுற்றிக்கொண்டார். ஞாயிற்றுக்கிழமை என்னையும் வரச்சொன்னார்.

போனேன். வந்தவர் ஜாடியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். இங்கிலாந்து வேலைதான், செய்தவர், ஊர், வருஷம் எல்லாம் அடியில் முத்திரையாக இருக்கும், அன்பளிப்பு என்றால் அதையும் எழுதியிருப்பார்கள், இதில் யாரோ எல்லாவற்றையும் அரத்தால் எடுத்துவிட்டார்கள் என்றார்.

கொழுந்தன் சிரித்தார். “தொர பேரு இருந்தா மாட்டிக்குவோம்னு சொரண்டிட்டாங்க. நான் சொல்லிகினே இருந்தேன்ல.”

“போன வாரம்கூட இருந்துதுங்க,” என்றார் அந்தம்மா. ஒருத்தரும் நம்பவில்லை. என் பக்கம் திரும்பினார். “அண்ணா, நீங்க பாத்தீங்க இல்ல?”

கடைப் பெயர் கெட்டுவிடுமே என்று பயந்தேன். கால் பற்றவைக்கிற அவசரத்தில் கவனிக்கவில்லை என்று சொல்லிவிட்டேன்.