கட்டுப் பிரிப்பதற்கு முன் மூன்று மூச்சு

பிள்ளைகளே, சாப்பாட்டுத் தட்டுக்கு முன்னால் நான் மூன்று மூச்சு நேரம் பேசாமல் உட்கார்ந்தால், "அப்பா சாமியாராயிட்டாரு" என்று சிரிக்கிறீர்கள். சிரியுங்கள். இந்தப் பழக்கம் எங்கிருந்து வந்தது என்று சொன்னால் இன்னும் சிரிப்பீர்கள்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டியில் ஒரு சின்ன ஆஸ்பத்திரியில் காயத்துக்குக் கட்டுப் போடுகிற வேலையில் இருந்தேன். கம்பெனிகளில் கையில் அடிபட்டு வருகிறவர்கள்தான் பாதிப் பேர். காயத்தோடு ஒட்டிப்போன துணியை ஒரே இழுப்பில் எடுத்துவிடுவேன். அதில் எனக்குப் பெரிய பெருமை. சட்டென்று முடித்தால் வலி குறைவு என்று யாரோ சொன்னதை நம்பிக்கொண்டிருந்தேன். வலி யாருக்குக் குறைவு என்று கேட்கத் தோன்றவில்லை.

புதுவாயலில் குடியிருந்த ஒருவர் பிரஸ் மெஷினில் வலது கையைக் கொடுத்துவிட்டு வந்து படுத்திருந்தார். இரண்டு விரல் நசுங்கியிருந்தது. தினமும் சுத்தம் செய்யாவிட்டால் விரல்களை எடுக்க வேண்டிவரும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அவரோ இரண்டு நாளாக என் தள்ளுவண்டிச் சத்தம் கேட்டதும் கக்கூசுக்குள் போய்த் தாழ் போட்டுக்கொண்டார். நானும் டாக்டரிடம், "பேஷண்ட் ஒத்துழைக்க மாட்டேங்கிறார் சார்" என்று சொல்லிவிட்டுக் கடமை முடிந்ததாக இருந்தேன்.

அந்த வாரம்தான் சென்னையிலிருந்து ஒரு மேடம் எங்களுக்கு வகுப்பு எடுக்க வந்தார். நோயாளியைத் தொடுவதற்கு முன் நின்று, மூன்று மூச்சைக் கவனிக்க வேண்டும் என்றார். பிறகு நோயாளியின் முகத்தைப் பார்த்து, அவருக்கு எப்படி இருக்கும் என்று நினைக்க வேண்டும். வகுப்பில் கண்ணை மூடிப் பழகினோம். வார்டிலும் அப்படித்தான் போலிருக்கிறது என்று நான் எடுத்துக்கொண்டேன்.

எங்கள் வார்டில் ஒரு வழக்கம் உண்டு. யாருக்காவது நிலைமை மிக மோசமானால் மட்டும், பெரிய சிஸ்டர் கட்டில் பக்கத்தில் கண்மூடி நின்று ஜெபம் செய்வார். அது எல்லா நோயாளிக்கும் தெரியும். எனக்கும் தெரியும். ஆனாலும் உறைக்கவில்லை பாருங்கள்.

வகுப்புக்கு மறுநாள் காலை புதுவாயல்காரரின் மனைவி கக்கூஸ் பக்கம் போகவிடாமல் அவரைக் கட்டிலிலேயே உட்கார வைத்திருந்தார். நான் வண்டியை நிறுத்தினேன். கட்டில் பக்கத்தில் நின்று கண்ணை மூடினேன். ஒரு மூச்சு ஆயிற்று. இரண்டாவது மூச்சின் பாதியில் அந்த அம்மா அலறினார்.

"ஐயோ! இன்னாண்ணே, கண்ண மூடிக்கினு நிக்கிற? டாக்டரு இன்னா சொன்னாரு? மறைக்காத சொல்லுண்ணே!"

கட்டிலில் இருந்தவர் முகம் வெளுத்துவிட்டது. "வெரலுதான போவும்னாங்க? உசுருமா?"

"ஒண்ணுமில்லப்பா. கிளாஸ்ல சொல்லிக் குடுத்தாங்க. மூச்சு வுடறேன், அவ்ளோதான்."

பக்கத்துக் கட்டில்காரர் எழுந்தே உட்கார்ந்துவிட்டார். "அப்போ இத்தினி நாளா மூச்சு வுடாமத்தான் பிச்சிக்கினு இருந்தியா நைனா?"

வார்டே சிரித்தது. அந்த அம்மாவும் அழுதுகொண்டே சிரித்தார். அவர் கணவர் மட்டும் சிரிக்கவில்லை.

"மூச்சு வுடு, சாமி கும்புடு, இன்னா வேணா பண்ணுண்ணே. கண்ணத் தொறந்துக்கினு பண்ணு. நீ இழுக்கச் சொல்லோ ஒரு நாளாவது எம்மூஞ்சியப் பாத்துக்கிறியா?"

பார்த்ததில்லை. துணியைத்தான் பார்ப்பேன்.

அன்றைக்கு முகத்தைப் பார்த்துக்கொண்டே துணியில் உப்புநீரை ஊற்றினேன். அது ஊறட்டும் என்று காத்திருந்தேன். முகம் சுருங்கினால் நிறுத்தினேன். "ம், இப்ப எடு" என்று அவர் சொன்ன பிறகு கொஞ்சம் எடுத்தேன். பெரிய சிஸ்டர் வந்து, "இன்னும் பத்துப் பேரு காத்துனு இருக்காங்க, நீ இங்கியே குடித்தனம் போட்டுட்டியா?" என்று கேட்டுவிட்டுப் போனார். கடைசிச் சுற்று தானாகக் கழன்று வந்தது.

அதற்குப் பிறகு அவர் ஒளியவில்லை. ஒரு விரல் முழுசாகத் தப்பியது, இன்னொன்றின் நுனி போயிற்று. அது மெஷினால் போனதா, அந்த இரண்டு நாளால் போனதா என்று டாக்டரிடம் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

அவர் வீட்டுக்குப் போன அன்று மத்தியானம், எல்லோரும் சாப்பிடப் போன பிறகு, கட்டுப் போடும் அறைக் கதவைச் சாத்தினேன். என் இடது கையில் முடி அடர்ந்த இடமாகப் பார்த்து நீளமாகப் பிளாஸ்திரி ஒட்டி, நன்றாக அழுத்தினேன். பிறகு என் வழக்கப்படி, ஒரே இழுப்பில் இழுத்தேன்.