மூன்று வீடும் ஒரு பேஸ்மென்றும்

எனக்கு மூன்று வீடு இருக்கிறது என்று சொன்னால் ஆட்கள் ஒரு மாதிரிப் பார்ப்பார்கள். பார்க்கட்டும். ரொறன்ரோவில், மல்வேர்னில் ஒரு டவுன்ஹவுஸ், பக்கத்து ஊரான விட்பியில் ஒரு தனிவீடு, கல்கரியில் ஒன்று. விட்பி வீடு முழுவதும் வாடகைக்கு. மல்வேர்ன் வீட்டின் மேல்தட்டுகள் வாடகைக்கு. அதன் பேஸ்மென்றில், நிலத்துக்குக் கீழே, நான் இருந்தேன். கல்கரி வீட்டில் மனிசி இருந்தாள். நாலு மணித்தியால விமானப் பயணத் தூரத்தில், வேறொரு மாகாணத்தில்.

எங்களுக்குப் பிள்ளைகள் இல்லை. அதனால்தான் வீடு வீடாக வாங்குகிறார்கள் என்று சொந்தக்காரர் கதைத்ததும் காதில் விழுந்தது. கதைக்காமல் அவர்களால் இருக்கவும் முடியாது. மற்றவர்கள் சனி ஞாயிறுகளில் பிள்ளைகளை நீச்சலுக்கும் நடனத்துக்கும் ஏற்றி இறக்கினார்கள். நாங்கள் விற்பனைக்கு வந்த வீடுகளைப் பார்க்கப் போனோம். வாசலில் சப்பாத்தைக் கழற்றிவிட்டு அவள் நேரே குசினிக்குத்தான் போவாள். "இதில அரிசி வாளி. இதில மிக்ஸி. இந்தக் கதிரையில நீங்கள் இருந்து தேத்தண்ணி குடியுங்கோ" என்பாள், தாழ்ந்த குரலில். யாரோ ஒருவருடைய வீட்டில் அரை மணித்தியாலம் குடியிருந்துவிட்டு வெளியே வருவோம். திரும்பும்போது காருக்குள் இருவரும் பேசமாட்டோம். இன்னும் அந்த வீட்டுக்குள்ளேயே நடந்துகொண்டிருப்போம்.

ஏனப்பா இத்தனை வீடு என்று ஒருமுறை கேட்டேன். "எழும்பிப் போ எண்டு ஒருத்தரும் எனக்குச் சொல்லேலாது இனி" என்றாள். இடம்பெயர்ந்த காலத்தில் எத்தனை பேருடைய விறாந்தைகளில் அவள் படுத்தெழும்பினாள் என்று எனக்குத் தெரியும். அதற்கு மேல் நான் கேட்கவில்லை. ஆனால் ஒவ்வொரு வீட்டையும் வாங்கி, அதில் கொஞ்சக் காலம் இருந்துவிட்டு, எங்களை நாங்களே எழுப்பி அனுப்பினோம். என்ன விசர்க் கூத்து அது!

ரொறன்ரோவில் இனி வாங்க முடியாது என்று ஆனபோது கல்கரி வந்தது. அங்கே வீடு மலிவு, முதியோர் இல்லங்களில் வேலையும் இருந்தது. அவள் முதலில் போவது, இங்குள்ள வீடுகளை ஒழுங்குபடுத்திவிட்டு ஆறு மாதத்தில் நான் போவது என்று பேசிக்கொண்டோம். ஆறு மாதம் இரண்டாவது பனிக்காலம் வரை இழுபட்டது.

எனக்கு மிசிசாகாவில், விமான நிலையத்துக்குப் பக்கத்துக் களஞ்சியத்தில் இரவு வேலை. காலையில் வந்து படுத்தால் என் பகல் முழுவதும் நித்திரைக்கும் விழிப்புக்கும் நடுவில்தான் போகும். பேஸ்மென்ற் யன்னல் கூரையோடு ஒட்டி, ஒரு தட்டம் அளவில் இருந்தது. வெளியே பனி கொட்டி அதை மூடிவிட்டால் வெளிச்சம் நீலமாக வடிந்து உள்ளே வரும். நான் அந்த நீலத்துக்குள் கிடந்து மேல்வீட்டைக் கேட்டுக்கொண்டிருப்பேன். மேலே ஒரு இளம் சோடியும் அவர்களின் மூன்று வயது மகளும். குழந்தை ஓடுவது சிறு மழை தூறுவது போலக் கேட்கும். தாய் நடக்கும்போது குதிக்கால் மட்டும் கேட்கும். என் மனிசியின் நடையும் அப்படித்தான். அரைத் தூக்கத்தில் அது அவள்தான் என்று நினைத்துவிடுவேன். சோறு போட்டுவிட்டாள், இனிக் கூப்பிடப் போகிறாள் என்று நினைப்பேன். சில நாட்களில் "வாறன்" என்று வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறேன்.

மத்தியானம் ஒரு கதிரை இழுபடும். குழந்தைக்குச் சாப்பாடு தீத்துகிற நேரம் அது. அந்தச் சத்தத்தைப் பக்கத்தில் நின்று கேட்டால் ஒன்றுமில்லை. கீழே படுத்திருப்பவனுக்கு அது காதில் கேட்காது, பல்லுக்குள் கேட்கும். ஒரு நாள் பொறுக்க முடியாமல், இண்டைக்கு ரெண்டில ஒண்டு பாக்கிறன் என்று சாரத்தை மடித்துக் கட்டிக்கொண்டு மேலே போனேன். கதவைத் திறந்த இளம் தாய் என் முகத்தைப் பார்த்துப் பயந்துபோய், "அங்கிள், சத்தம் கேக்குதோ கீழ?" என்றாள். அவளுக்குப் பின்னால் குழந்தை வாயைச் சுற்றிச் சோற்றோடு நின்றது. "சீச்சீ, ஒண்டும் கேக்கேல்லைப் பிள்ளை" என்றேன். அவள் தந்த ஒரு கிண்ணம் புட்டோடும் மீன் குழம்போடும் கீழே இறங்கினேன்.

கல்கரி வீட்டில் மேற்குப் பக்கம் ஒரு பெரிய யன்னல் இருந்தது. போன புதிதில் அவள் வீடியோவில் கூப்பிட்டு, போனை அந்த யன்னலில் சாத்திவிட்டுத் தேத்தண்ணி போடப் போவாள். எட்டத்தில் மலைகள் தெரியும். காலை வெயில் பட்டுப் பனி இளஞ்சிவப்பாகும். அவள் திரும்பி வரும்வரை நான் நிலத்துக்குக் கீழே படுத்துக்கொண்டு மலையைப் பார்ப்பேன். "உதைப் பாத்துக்கொண்டே நித்திரையாப் போயிடுறன்" என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன். அந்த யன்னலருகில் எனக்கென்று ஒரு கதிரை வாங்கி வைத்திருந்தாள். கனவில் நான் அதில் இருந்தேன். பக்கத்தில் அவள் இருந்தாள். எங்களுக்கு வேலைக்குப் போக வேண்டியிருக்கவில்லை.

இரண்டாவது பனிக்காலத்தில் வீடியோ நின்றது. கமரா பழுது என்றாள். மலை எப்படி இருக்கிறது என்று கேட்டால், "இண்டைக்கு மேகம். ஒண்டும் தெரியேல்லை" என்பாள். வாரக்கணக்கில் மேகம். நானும் நம்பினேன், மொக்கன். வரட்டோ என்று கேட்டால், "இப்ப வேண்டாம். கொஞ்சம் பொறுங்கோ" என்றாள். அதுதான் என்னைக் குத்தியது. வெளிச்சமான வீட்டில் தனியாக இருந்து பழகியவளுக்கு, குறட்டை விடுகிற ஒரு மனுசன் எதற்கு? என்னை அவளுக்கு வேண்டாமாகிவிட்டது என்று பயந்தேன். வேலைத்தளத்தில் பெட்டிகளைத் தூக்கி அடுக்கும்போதும் அந்தப் பயம் கூடவே நின்றது.

ஒரு சனிக்கிழமை மத்தியானம் மேலே இருப்பவர்கள் பிறந்தநாள் விழா ஒன்றுக்குப் போயிருந்தார்கள். வீடு சத்தமில்லாமல் கிடந்தது. அவளுக்குப் போன் எடுத்தேன்.

"ரிக்கெற் போடப் போறன்."

"வேண்டாம் எண்டெல்லே சொன்னனான்."

"ஏன்? அங்க வேற ஆரும் இருக்கினமோ?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. கோபம் வந்தால் என் வாய்க்குப் பூட்டு இல்லை. அப்போதுதான் அந்தச் சத்தம் கேட்டது. கர்ர்ர் என்று, பல்லுக்குள். நான் என் தலைக்கு மேலே பார்த்தேன். மேலே யாரும் இல்லை. சத்தம் போனுக்குள்ளிருந்து வந்தது.

"உது என்ன சத்தம்?"

"எது?"

"கதிரை. உமக்கு மேல கதிரை இழுபடுது."

"பக்கத்து வீடு."

"எனக்குக் கதை விடாதையும். பக்கத்து வீட்டுச் சத்தம் உப்பிடிக் கேக்காது."

மூக்கை உறிஞ்சுவது கேட்டது. பிறகு மெல்லச் சொன்னாள். "வீட்டுக் கடன் வட்டி ஏறினாப் பிறகு கட்டேலாமல் போச்சு. வின்ரர் துவங்கேக்கயே மேல்வீட்டை வாடகைக்குக் குடுத்திட்டன். நான் கீழதான் இருக்கிறன்."

"ஏன் எனக்குச் சொல்லேல்லை?"

"மலையைப் பாத்துக்கொண்டே நித்திரையாப் போயிடுறன் எண்டு சொன்னியள். பிறகு எப்பிடிச் சொல்லுறது?"

அழுகை வந்துவிடாமல் இருக்கக் கத்தினேன். "மூண்டு வீடு! மூண்டு வீட்டை வைச்சுக்கொண்டு ரெண்டு பேரும் நிலத்துக்குக் கீழ கிடக்கிறம்! இந்த உலகத்தில எங்களை மாதிரி விசரர் ஆரும் இருக்கினமே?" அவள் அழுதுகொண்டே சிரிக்கத் தொடங்கினாள். எனக்கும் சிரிப்பு வந்தது. உண்மையைச் சொன்னால், வீட்டைப் பற்றியோ வட்டியைப் பற்றியோ எனக்கு அந்த நேரம் ஒரு கவலையும் இருக்கவில்லை. அவளுக்கு என்னை வேண்டாமாகவில்லை. அது போதும் என்று இருந்தது.

"வாறன்" என்றேன். இந்த முறை முழு விழிப்பில்.

"எங்க வாறியள்? இஞ்ச ஓராள் படுக்கிற கட்டில்தான் இருக்கு."

"சரிஞ்சு படுப்பம்."

"அப்ப மல்வேர்ன் பேஸ்மென்ற்?"

"அதையும் வாடகைக்கு விடுவம்."

அவளுக்கு மேலே யாரோ நடந்து போனார்கள். பிறகு, "வரேக்க உங்கட தலகணியைக் கொண்டுவாங்கோ. இஞ்ச ஒண்டுதான் இருக்கு" என்றாள்.